டிரெய்லர் பின்கதவுக்கு ஸ்பிரிங் தூக்கி: எந்த வகை, எவ்வளவு இழுவை?

புல்வெட்டி_பிரம்டன்:

அனைவருக்கும் வணக்கம். நான் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் பிரம்டன் பகுதியில் வீடுகளுக்குப் புல் வெட்டிக் கொடுக்கும் சிறு தொழில் செய்து வருகிறேன். 5 அடி அகலமும் 10 அடி நீளமும் கொண்ட ஒற்றை அச்சு டிரெய்லரை எனது பிக்கப் வண்டியின் பின்னால் இழுத்துச் செல்கிறேன். அதன் பின்பக்கத்தை அடைத்து நிற்பது ஆங்கிள் இரும்புச் சட்டத்தில் இரும்பு வலை அடித்த 4 அடி உயரக் கதவு. இறக்கினால் அதுவே புல்வெட்டும் இயந்திரம் ஏறி இறங்கும் சரிவாகிவிடுகிறது. நிமிர்த்தினால் பின்கதவாக நிற்கிறது.

ஒரு நாளைக்கு ஒன்பது, பத்து வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் இயந்திரத்தை இறக்கக் கதவைத் திறந்து, தெருவில் போகிறவர்கள் தடுக்கி விழாதபடி மூடி, வேலை முடிந்ததும் மறுபடி திறந்து மூட வேண்டியிருப்பதால், குறைந்தது இருபது முறையாவது குனிந்து அந்தக் கதவைத் தரையிலிருந்து தூக்குகிறேன். இந்த ஆண்டு நடுக்கோடையில் இடுப்புப் பிடித்துக்கொண்டு நான்கு நாட்கள் படுத்துவிட்டேன். அதைவிடச் சங்கடம், சென்ற மாதம் கை வழுக்கிக் கதவு விழுந்ததில் வாடிக்கையாளர் ஒருவரின் வாகனப் பாதையில் புதிதாகப் பதித்த இன்டர்லாக் கல் இரண்டு உடைந்துபோயின.

கதவின் எடையைத் தாங்கிக்கொள்ளும் ஸ்பிரிங் தூக்கிகள் கடைகளில் கிடைக்கின்றன என்று அறிகிறேன். டிரெய்லரின் பக்கச் சட்டத்தில் குழாய்க்குள் ஸ்பிரிங்கை வைத்து, அதிலிருந்து வரும் கேபிளைக் கதவில் மாட்டுவது ஒரு வகை. கதவின் கீலிலேயே முறுக்கு ஸ்பிரிங்கைக் கோத்துவிடுவது இன்னொரு வகை. எனது மாமாவோ இவை இரண்டும் வேண்டாம், வீட்டுக் கராஜ் கதவுக்குப் போடும் நீள ஸ்பிரிங் இரண்டை வாங்கிக் கட்டினால் பாதிச் செலவில் முடிந்துவிடும் என்கிறார். எனக்குத் துளையிடவும் போல்ட் முடுக்கவும் தெரியும், வெல்டிங் தெரியாது. இவற்றில் எது எனது டிரெய்லருக்குப் பொருந்தும் என்பதையும், எவ்வளவு வலுவான ஸ்பிரிங் தேவை என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையும், செய்து பார்த்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

கிச்சனர்_பட்டறை:

தம்பி, கேபிள் வகையை எனது டிரெய்லரில் பொருத்தி நான்கு கோடைகள் ஆகிவிட்டன. எந்தப் பொருளையும் வாங்குவதற்கு முன்னால் கதவின் எடையைத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்குக் கதவைக் கழற்ற வேண்டியதில்லை. குளியலறையில் வைத்திருக்கும் எடை பார்க்கும் கருவி போதும். கதவைக் கிடைமட்டமாக நிறுத்தி, அதன் நுனிக்கு நேர்கீழே மரக்கட்டைகளை அடுக்கி அவற்றின்மேல் கருவியை வைத்துக் கதவை மெல்ல அதில் படியவிடுங்கள். மறுமுனையைக் கீல் தாங்கிக்கொள்வதால், கருவி காட்டுவது கதவின் மொத்த எடையில் ஏறத்தாழப் பாதியாக இருக்கும்; அதை இரட்டிப்பாக்கினால் எடை கிடைத்துவிடும். கூடவே இன்னும் இரண்டு அளவுகளை எடுத்து வையுங்கள்: கீலிலிருந்து பக்கச் சட்டத்தின் மேல்விளிம்பு வரை உள்ள உயரம் ஒன்று, கீலிலிருந்து தரை வரை உள்ள உயரம் ஒன்று.

பொருத்தும் வேலை ஒரு பிற்பகலுக்குள் முடிந்துவிடும். கதவு நிமிர்ந்து தாழ்ப்பாள் போட்ட நிலையில் இருக்கும்போதுதான் எல்லாவற்றையும் செய்ய வேண்டும், ஏனென்றால் அந்த நிலையில்தான் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். பக்கச் சட்டத்தின் பின்முனையில் கப்பியும், அதற்கு முன்னால் ஸ்பிரிங் குழாயும் வரும்படி வைத்துக் குறியிட்டு, எட்டில் மூன்று அங்குல போல்ட்டுக்குத் துளையிட்டு, அதிர்வில் கழலாத நைலான் வளையம் வைத்த நட்டுகளைக் கொண்டு முடுக்குங்கள். உங்கள் பக்கச் சட்டம் ஆங்கிள் இரும்பாக இருந்தால் கவலையில்லை. சதுரக் குழாயாக இருந்தால் போல்ட்டை முடுக்க முடுக்கக் குழாய் நசுங்கும். துளைக்குள் ஒரு சிறு குழாய்த் துண்டைச் செருகி அதன் வழியாகப் போல்ட்டைச் செலுத்த வேண்டும். துளையிட்ட இடங்களில் அன்றைக்கே துத்தநாகப் பெயின்ட் பூசிவிடுங்கள்; இங்கே குளிர்காலத்தில் சாலையில் கொட்டுகிற உப்பு அடுத்த வசந்தத்துக்குள் அந்தத் துளையைத் தேடிப் பிடித்துவிடும்.

கேபிளின் நுனியை வளைத்து யு வடிவக் கிளிப்பால் இறுக்கும்போது பலர் ஒரு தவறு செய்கிறார்கள். கிளிப்பின் வளைந்த கம்பி, சும்மா நீட்டிக்கொண்டிருக்கும் குட்டை முனையின்மேல் படிய வேண்டும். அகலமான அடிக்கட்டை, பாரம் தாங்கும் நீள முனையின்மேல் படிய வேண்டும். மாற்றிப் போட்டால் வளைந்த கம்பி பாரம் தாங்கும் பகுதியைக் கடித்து, கேபிளை அங்கேயே பலவீனமாக்கிவிடும்.

நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை பொருத்தியபோது, கதவு ஒற்றை விரலுக்கு எழும்ப வேண்டும் என்ற ஆசையில், ஸ்பிரிங்கை முன்கூட்டியே ஐந்து அங்குலம் இழுத்துக் கட்டிவிட்டேன். கதவு இறகுபோல எழுந்தது, உண்மைதான். ஆனால் இறக்கியபோது அதன் நுனி தரையில் படியாமல் ஒரு விரற்கடை மேலே மிதந்துகொண்டிருந்ததை நான் பொருட்படுத்தவில்லை. புல்வெட்டியைப் பின்னோக்கி இறக்கி, அதன் கடைசிச் சில்லு சரிவைவிட்டு நீங்கிய நொடியில் கதவு துள்ளி எழுந்து எனது முழங்காலுக்குக் கீழே எலும்பில் அடித்தது. அந்த வீங்கிய காலோடு வீடு வந்து, முதல் வேலையாக ஐந்து அங்குலத்தை ஒரு அங்குலமாகக் குறைத்தேன். அந்த ஒரு அங்குலம் தேவைதான். அதுவும் இல்லையென்றால், கதவு மூடியிருக்கும்போது கேபிள் தொய்ந்து, ஓட்டத்தில் ஆடி, கப்பியின் பள்ளத்தைவிட்டு வெளியே குதித்துவிடும்.

---

சுருள்கம்பி_ஓய்வு:

கோயம்புத்தூரில் ஸ்பிரிங் தயாரிக்கும் பட்டறையொன்றில் நீண்ட காலம் வேலை பார்த்துவிட்டு, இப்போது மிச்சிகனில் மகள் வீட்டில் இருக்கிறேன். கிச்சனர் நண்பர் சொன்ன அளவுகளைக் கொண்டு கணக்கு எப்படிப் போடுவது என்பதை மட்டும் விளக்குகிறேன். கேள்வி கேட்டவரின் அளவுகள் இன்னும் தெரியாததால், அந்த வகை டிரெய்லருக்கு இயல்பாக வரக்கூடியவற்றை எடுத்துக்கொள்கிறேன்: கதவின் எடை 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ, நீளம் 48 அங்குலம், கீல் தரையிலிருந்து 18 அங்குல உயரத்தில், கப்பி கீலுக்கு 14 அங்குலம் மேலே, கேபிள் கதவில் மாட்டும் இடம் கீலிலிருந்து 24 அங்குலத்தில்.

கதவின் எடை அதன் நடுவில், கீலிலிருந்து 24 அங்குலத்தில், குவிந்திருப்பதாகக் கொள்ளலாம். கதவு கிடைமட்டமாக இருக்கும்போது அது கீலைச் சுற்றித் தரும் திருப்புவிசை 120 பெருக்கல் 24, அதாவது 2880 பவுண்டு-அங்குலம். தரையில் படிந்திருக்கும்போது கதவு கிடைமட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 22 பாகை சரிந்திருப்பதால், அது 2670 ஆகக் குறைகிறது. நுனியைப் பிடித்துத் தூக்குகிறவர் இதை 48 அங்குல நெம்புகோலால் சமாளிக்கிறார். ஆகவே அவரது கைக்கு வருவது சுமார் 56 பவுண்டு. குனிந்த முதுகோடு 25 கிலோவை நாளொன்றுக்கு இருபது தடவை தூக்கினால் இடுப்பு பிடிக்காமல் என்ன செய்யும்?

இப்போது கேபிள். கதவு தரையில் இருக்கும்போது கப்பிக்கும் கேபிள் மாட்டிய இடத்துக்கும் இடையே 32 அங்குலம்; கதவு நிமிர்ந்து நிற்கும்போது 10 அங்குலம். எனவே கதவு இறங்கும்போது ஸ்பிரிங் 22 அங்குலம் நீள்கிறது. தரை நிலையில் கீலிலிருந்து கேபிளின் கோட்டுக்குச் செங்குத்தாக அளந்தால் 9.7 அங்குலம்தான் வரும். கதவின் பளுவில் ஐந்தில் நான்கு பங்கை ஸ்பிரிங் ஏற்க வேண்டுமென்றால், 2136 பவுண்டு-அங்குலத்தை 9.7 ஆல் வகுக்க வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்துச் சுமார் 220 பவுண்டு இழுவை, ஒரு பக்கத்துக்கு 110 பவுண்டு. இதை 22 அங்குல நீட்சியில் தர வேண்டும் என்பதால், ஒவ்வொரு ஸ்பிரிங்கும் அங்குலத்துக்கு 5 பவுண்டு விறைப்புடையதாக இருக்க வேண்டும்.

இப்படிப் பொருத்திய கதவைத் தரையிலிருந்து கிளப்ப 11 பவுண்டு போதும். ஆனால் ஏறத்தாழ 45 பாகை உயர்ந்திருக்கும்போது கைக்கு 21 பவுண்டு வரை பளு தெரியும், அதன்பிறகு மறுபடி குறையும். கதவு எழ எழ ஸ்பிரிங் சுருங்கி இழுவை குறைந்துவிடுவதுதான் இதற்குக் காரணம். இதைப் பழுது என்று எண்ணி ஸ்பிரிங்கை மேலும் இறுக்கிவிடாதீர்கள். நடுவில் சற்றுக் கனமாக இருப்பது இடுப்புக்குத் தொந்தரவு தராது. அந்த நிலையில் நீங்கள் நிமிர்ந்து நின்றுதான் தள்ளுவீர்கள்.

இந்தக் கணக்கில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது கப்பியின் உயரம். அது 14 அங்குலத்துக்குப் பதிலாக 6 அங்குலமாக இருந்தால், செங்குத்துத் தொலைவு 9.7 இலிருந்து 5 ஆகச் சுருங்கி, அதே உதவிக்கு ஏறத்தாழ இரட்டிப்பு இழுவை தேவைப்படும். அந்த இழுவை முழுவதும் கீல் ஊசியிலும் பக்கச் சட்டத்திலும்தான் போய் இறங்கும். ஆகவே பக்கச் சட்டம் தாழ்வாக உள்ள டிரெய்லருக்குக் கேபிள் வகை ஏற்றதல்ல என்பது எனது கருத்து.

---

ஹூஸ்டன்_இரும்படி:

ஐயாவின் கடைசி வரி எனது கதையேதான். டெக்சஸில் நான் வைத்திருக்கும் டிரெய்லருக்குப் பக்கச் சட்டம் கணுக்கால் உயரந்தான், ஆகவே கீலில் கோக்கும் முறுக்கு ஸ்பிரிங்கைத்தான் போட்டேன். பார்வைக்கு அடக்கமானது, கேபிள் இல்லை, கப்பி இல்லை, பக்கவாட்டில் சரக்கு ஏற்றுவதற்கும் எதுவும் குறுக்கே நிற்காது.

ஆனால் இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முறுக்கு ஸ்பிரிங்கில் வலச்சுற்று, இடச்சுற்று என்று இரண்டு உண்டு; இடப்பக்கக் கீலுக்கு ஒன்று, வலப்பக்கக் கீலுக்கு மற்றது. கதவு இறங்கும்போது சுருள் இறுகி, அதன் விட்டம் குறைகிற திசையில்தான் அது வேலை செய்ய வேண்டும். அவிழ்கிற திசையில் பாரத்தை ஏற்றினால் விரைவில் தளர்ந்தோ முறிந்தோ போகும். இறுகும்போது விட்டம் குறைவதால், உள்ளே செல்லும் கீல் ஊசிக்கும் சுருளுக்கும் இடையே போதிய இடைவெளியும் விட வேண்டும். இல்லையென்றால் கதவு பாதி வழியிலேயே கடித்துக்கொண்டு நின்றுவிடும். எனக்கு முதலில் அனுப்பிய பெட்டியில் இரண்டும் வலச்சுற்றாகவே இருந்தன. இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால் தப்பித்தேன்.

கேள்வி கேட்ட சகோதரரின் டிரெய்லர் அமைப்புக்குக் கேபிள்தான் சரி என்று நானும் நினைக்கிறேன். ஆனால் ஒன்றை முதலில் யோசியுங்கள்: அவ்வளவு கனமான கதவு உங்களுக்கு உண்மையிலேயே வேண்டுமா? அதே அளவில் அலுமினியக் கதவு செய்து மாட்டிக்கொண்ட ஒருவரை எனக்குத் தெரியும். அவர் ஸ்பிரிங் என்ற பேச்சையே எடுப்பதில்லை.

---

சுருள்கம்பி_ஓய்வு:

அலுமினியம் நல்ல யோசனைதான், ஆனால் சில நூறு கிலோ எடையுள்ள, உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி அதன்மேல் நாள்தோறும் ஏறி இறங்குமென்றால் சட்டத்தைத் தடிமனாக்க வேண்டியிருக்கும். அப்போது எடையிலும் விலையிலும் கிடைக்கும் லாபம் குறைந்துவிடும்.

முறுக்கு ஸ்பிரிங்கைப் பற்றி ஒரு சேர்க்கை. அதே கதவுக்கு, தரை நிலையில் அதே ஐந்தில் நான்கு பங்கு உதவி தரும் முறுக்கு ஸ்பிரிங்கைப் போட்டால், நடுவில் கைக்கு வரும் பளு 21 பவுண்டுக்குப் பதில் 28 பவுண்டு வரை போகும். முறுக்கு ஸ்பிரிங்கின் விசை கோணத்துக்கு ஏற்ப நேராகக் குறைந்துகொண்டே வருகிறது. கேபிள் அமைப்பிலும் ஸ்பிரிங் தளர்கிறது என்றாலும், கதவு எழும்போது செங்குத்துத் தொலைவு 9.7 இலிருந்து 14 அங்குலத்தை நெருங்கும் வரை கூடுவதால், ஒன்றின் இழப்பை மற்றொன்று ஓரளவு ஈடுசெய்துவிடுகிறது.

---

புல்வெட்டி_பிரம்டன்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஐயா ஊகித்த அளவுகள் எனது டிரெய்லரை நேரில் பார்த்தது போலவே இருக்கின்றன. எடைக் கருவி 61 பவுண்டு காட்டியது. ஆகவே கதவு 122 பவுண்டு. கீல் தரையிலிருந்து 18 அங்குலம், பக்கச் சட்டத்தின் மேல்விளிம்பு கீலிலிருந்து 14 அங்குலத்துக்குச் சற்று மேல். சட்டம் 2 அங்குல ஆங்கிள் இரும்பு.

கேபிள் வகை என்று முடிவு செய்துவிட்டேன். மாமா இதற்கிடையில் கராஜ் கதவு ஸ்பிரிங் இரண்டை வாங்கிக்கொண்டே வந்துவிட்டார். நுனியில் வெள்ளை நிறம் பூசியிருக்கிறது. அட்டையில் 110 பவுண்டு என்று போட்டிருக்கிறது. ஐயா சொன்னதும் ஒரு பக்கத்துக்கு 110 பவுண்டுதானே, அப்படியானால் இவை பொருந்திவிடும் அல்லவா? இன்னொரு கேள்வி: நெடுந்தூரம் ஓட்டும்போது காற்று எதிர்ப்பைக் குறைப்பதற்காகக் கதவை உட்புறமாகத் தளத்தின்மேல் மடித்துப் போடுவது எனது வழக்கம். தூக்கி பொருத்திய பிறகும் அப்படிச் செய்யலாமா?

---

சுருள்கம்பி_ஓய்வு:

தம்பி, உங்கள் மாமா வாங்கிய ஸ்பிரிங்கின் நீளத்தை அளந்து பாருங்கள், 25 அங்குலம் இருக்கும். 7 அடி கராஜ் கதவுக்கான அந்த ஸ்பிரிங்கில் எழுதியிருக்கும் 110 பவுண்டு, அதை 42 அங்குலம் நீட்டினால் கிடைக்கும் இழுவை. உங்கள் கதவு அதை 22 அங்குலம்தான் நீட்டப் போகிறது. முன்இழுப்பு ஒரு அங்குலத்தைச் சேர்த்தாலும் 23. ஆகவே உங்களுக்குக் கிடைப்பது ஒரு பக்கத்துக்கு 60 பவுண்டுதான், கதவும் உங்கள் கையில் 30 பவுண்டுக்குமேல் கனக்கும். அந்த வரிசையில் நிறத்துக்கு நிறம் 10 பவுண்டு கூடும்: பச்சை 120, மஞ்சள் 130, நீலம் 140, சிவப்பு 150 என்று போய், இளநீலம் 190 இல் வரும். 190 பவுண்டு ஸ்பிரிங்கை 22 அங்குலம் நீட்டினால் சுமார் 100 பவுண்டு தரும். கதவு கைக்கு 15, 16 பவுண்டாக இருக்கும், தரையிலும் நன்றாகப் படியும். மாமா வெள்ளையைக் கொடுத்துவிட்டு இளநீலத்தை வாங்கி வரட்டும்.

ஆனால் கராஜ் ஸ்பிரிங் போடுவதென்றால் ஒரு நிபந்தனை உண்டு. கடையில் விற்கும் தூக்கிகளில் ஸ்பிரிங் குழாய்க்குள் அடைபட்டிருப்பதால் முறிந்தாலும் உள்ளேயே கிடக்கும். வெறுமனே கட்டிய நீள ஸ்பிரிங் நீண்டிருக்கும் நிலையில் முறிந்தால், துண்டு பறந்து ஆளையோ வாடிக்கையாளரின் சன்னலையோ தாக்கும். ஸ்பிரிங்கின் நடுவே ஒரு பாதுகாப்புக் கேபிளைச் செலுத்தி இரு முனைகளையும் சட்டத்தில் கட்டுங்கள், அல்லது தடித்த குழாய்க்குள் வையுங்கள். குழாய்க்குள் வைத்தால் கீழ்ப்பக்கம் இரண்டு வடிகால் துளைகள் போட மறக்காதீர்கள். தேங்கிய உப்புநீர் ஸ்பிரிங்கில் பள்ளம் பள்ளமாக அரிக்கும், முறிவும் அங்கேதான் தொடங்கும்.

---

கிச்சனர்_பட்டறை:

மடிப்பது பற்றி நான் சொல்கிறேன். கேபிள் மாட்டியபடியே கதவை உள்ளே மடிக்க முடியாது. கதவு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கப்பிக்கும் மாட்டிய இடத்துக்கும் உள்ள தூரம் கூடத்தான் செய்யும். ஐயாவின் அளவுகளின்படி உள்ளே மடித்தால் 10 அங்குலம் 28 அங்குலமாகிவிடுகிறது. ஸ்பிரிங் மறுபடி நீண்டு கதவை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். கயிறு போட்டுக் கட்டினாலும் அந்தக் கயிறு அவிழும் நொடியை நினைத்துப் பாருங்கள். ஆகவே கதவில் கேபிள் சேரும் இடத்தில் திருகிப் பூட்டும் கொக்கியை வையுங்கள். நெடுந்தூரப் பயணத்துக்குக் கதவை நிமிர்த்தி, தாழ்ப்பாள் போட்டு, கேபிளைக் கழற்றிச் சட்டத்தில் மாட்டிவிட்டுப் பிறகு மடிக்கலாம். கதவை முழுதாகக் கழற்றும்போதும் இதே ஒழுங்கைப் பின்பற்றுங்கள். கதவு கீழே இருக்கும்போது கீல் ஊசியை உருவினால், 200 பவுண்டு இழுவையில் கதவு உங்கள்மேல் பாயும்.

இன்னொன்று: இரண்டு பக்கமும் பொருத்துங்கள். பக்கத்து வீதியில் ஒருவர் செலவைக் குறைக்க ஒரு பக்கம் மட்டும் பொருத்தினார். கதவு கோணலாக எழுந்து, ஒரே கோடையில் அந்தப் பக்கத்துக் கீல் துளை முட்டை வடிவமாகத் தேய்ந்துவிட்டது.

---

ஹூஸ்டன்_இரும்படி:

வெல்டிங் தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். இதற்கு அது தேவையே இல்லை, போல்ட்டே போதும். யாரிடமாவது கொடுத்து ஒட்டுவதானால் மூன்று விஷயங்களைச் சொல்லி அனுப்புங்கள். டிரெய்லரின் விளக்கு வயர் பிளக்கை வண்டியிலிருந்து கழற்றிவிட வேண்டும். எர்த் கிளாம்பை ஒட்டும் இடத்துக்கு அருகிலேயே பிடிக்க வேண்டும். தொலைவில் பிடித்தால் மின்னோட்டம் சில்லின் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைக் கெடுத்துவிடும். துத்தநாகம் பூசிய சட்டமாக இருந்தால், ஒட்டும் இடத்தில் பூச்சை முழுவதும் உரசி எடுத்துவிட வேண்டும். அந்தப் புகையைச் சுவாசித்து, அன்றிரவே நடுக்கத்தோடு காய்ச்சலில் படுத்த அனுபவம் எனக்கு உண்டு. ஸ்பிரிங்கையும் கேபிளையும் எல்லா ஒட்டு வேலையும் முடிந்து, இரும்பு ஆறிய பிறகே மாட்ட வேண்டும். சூடு பட்ட ஸ்பிரிங்கின் விறைப்பு திரும்பி வராது.

---

வடலி:

ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் கார் டிக்கியில் இருப்பது போன்ற வாயுத் தண்டுகளைப் போட்டால் என்ன? துருப்பிடிக்காது, சத்தமும் இல்லை.

---

சுருள்கம்பி_ஓய்வு:

போடலாம், ஆனால் ஒண்டாரியோ குளிரில் அது உங்களைக் கைவிடும். வாயுவின் அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்தது. 20 பாகையிலிருந்து உறைநிலைக்குக் கீழே 20 பாகைக்கு இறங்கினால் தண்டின் விசையில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடும். இரும்பு ஸ்பிரிங்குக்கு இந்த வேறுபாடு தெரியாது. அதோடு, 110 பாகைக்குமேல் சுழலும் கதவுக்கு ஏற்ற நீளத்தில் தண்டைத் தேடுவதும் அதை மாட்ட இடம் காண்பதும் தனிப் பாடு.

---

புல்வெட்டி_பிரம்டன்:

சென்ற சனிக்கிழமை மாமாவும் நானும் சேர்ந்து பொருத்தி முடித்தோம். இளநீல ஸ்பிரிங் இரண்டு, எட்டில் ஒரு அங்குலக் கேபிள், மூன்று அங்குலக் கப்பிகள், நடுவே பாதுகாப்புக் கேபிள், அதன்மேல் வடிகால் துளை போட்ட குழாய். முன்இழுப்பு ஒரு அங்குலம். கிச்சனர் அண்ணா சொன்னபடி நுனியில் கொக்கி வைத்திருக்கிறேன்.

மாமா கதவைத் தொங்கு தராசில் மாட்டித் தரையிலிருந்து கிளப்பிப் பார்த்தார். 17 பவுண்டு காட்டியது. கணக்கைவிட ஒன்றிரண்டு கூடுதல், கப்பியின் உராய்வாக இருக்கலாம். நடுவில் கொஞ்சம் கனக்கிறது, ஐயா முன்கூட்டியே சொல்லியிராவிட்டால் நானும் கட்டாயம் இறுக்கியிருப்பேன். திங்கட்கிழமை அந்த இன்டர்லாக் கல் வீட்டுக்கே முதலில் போனேன். கதவைப் பாதி இறக்கிவிட்டுக் கையை எடுத்தேன். மீதியைத் தானே மெதுவாக இறங்கிக் கல்லின்மேல் படுத்துக்கொண்டது. வீட்டுக்காரர் சன்னலருகே நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். கப்பியில் கிரீஸ் போட வேண்டுமா, எண்ணெய் போதுமா?

---

கிச்சனர்_பட்டறை:

கப்பியின் அச்சுக்கு மட்டும் மாதம் ஒரு தடவை சில துளி எண்ணெய். கேபிளுக்குக் கிரீஸ் பூச வேண்டாம். வெட்டிய புல்லும் தூசியும் அதில் ஒட்டிக்கொண்டு அரம்போல அறுக்கும். எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் போதும். துடைக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். எங்காவது துணியில் நூல் மாட்டினால் அந்த இடத்தில் ஒரு கம்பியிழை அறுந்திருக்கிறது என்று பொருள், கேபிளை மாற்றிவிடுங்கள்.